பக்கத்துத் திரை

ஞானசௌந்தரி பரீட்சை நாள்களில் மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வருவாள். நடந்தால் சத்தம் வரக் கூடாது, அவ்வளவுதான் காரணம். பிள்ளைகள் அவளுக்குப் 'பூனை மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. வருத்தப்படவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பாளையங்கோட்டையைத் தாண்டிப் பொட்டலில் நிற்கும் அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் காப்பி அடிப்பவர்களைப் பிடிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. ஒருவன் தலையைச் சொறிந்தால் எதற்குச் சொறிகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள். இரண்டும் ஒன்றல்ல என்பது அவளுக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது.

முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவள் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தாள். அவள் சொல்லிக்கொடுத்தாள் என்பதைவிட நூலேணி சொல்லிக்கொடுத்தது என்பதே சரி. நூலேணி பிரவுசரில் ஓடும் ஒரு கருவி. புரோகிராமை எழுதிக் கொடுத்தால் ஒரேயடியாக ஓட்டிவிடாது. ஒவ்வொரு வரியாக நிறுத்தி, கணினிக்குள் என்ன நடக்கிறது என்று படம் போட்டுக் காட்டும். ஒரு பெட்டிக்குள் ஓர் எண் போய் உட்காரும். இன்னொரு பெட்டியிலிருந்து அம்புக்குறி கிளம்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு பழக்கம். அடுத்த வரிக்குப் போகுமுன் 'இப்போது என்ன நடக்கும்?' என்று கேட்கும். பதில் சொன்னால்தான் படம் நகரும். முதலில் ஊகம், அப்புறம்தான் காட்சி. ஊகம் சரியென்றால் பச்சை விளக்கு எரிந்து சின்னதாக ஒரு மணி அடிக்கும்.

நூலேணி வந்ததிலிருந்து யாரும் படிப்பை விட்டுப் போவதில்லை. 'எனக்கு மண்டைல ஏறல மேடம்' என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வேறு பிரிவுக்கு ஓடிய பிள்ளைகள் எல்லாம் அந்தக் காலம். இப்போது மணிச்சத்தத்தோடு பாசாகிறார்கள். நிர்வாகத்துக்குத் தலைகால் புரியவில்லை. லேபிலிருந்த மற்ற மென்பொருள்களை எல்லாம் எடுத்தெறிந்துவிட்டு எந்தப் புரோகிராமும் நூலேணி வழியாகவே ஓட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சௌந்தரிக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. ஆறு வருஷமாக நூலேணியில் அவள் ஊகம் ஒருமுறைகூடத் தப்பியதில்லையாம், கம்பெனிக்காரர்களே அனுப்பியிருந்தார்கள். வருகிறவர்கள் கண்ணில் படும்படி அதை மேசை ஓரத்தில் வைத்திருந்தாள்.

அந்த வருஷம் அவள் கண்ணில் பட்டவள் முப்பிடாதி.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அட்டெண்டன்ஸில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பு சிரிக்கும், அவள் சிரிக்காமல் எழுந்து நிற்பாள். கணக்கில் அரியர், இயற்பியலில் அரியர். புரோகிராமிங்கில் மட்டும் எல்லாரையும் போல அவளுக்கும் மணி அடித்தது. அது எப்படி? அதுவும் போகட்டும், மற்றவர்கள் ஓட்டி முடித்துவிட்டு அரட்டை அடிக்கும் நேரத்தில் இவள் அதே புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பதிலைப் போடுவாள், அழிப்பாள், வேறு பதிலைப் போடுவாள். நடுநடுவே கழுத்து மெல்ல இடது பக்கம் திரும்பும். இடது பக்கம் உட்கார்ந்திருந்தது எஸ்தர். வகுப்பில் முதல் மார்க்.

சௌந்தரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? லேப் தேர்வன்று ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போய் நின்றாள்.

"எங்க பாக்க?"

முப்பிடாதி திடுக்கிட்டுத் திரும்பினாள். பிடிபட்டவர்கள் வழக்கமாக 'இல்லையே மேடம்' என்பார்கள். இவள் சொல்லவில்லை.

"எஸ்தர் ஸ்கிரீன மேடம்."

"ஓஹோ. தைரியமா வேற சொல்லுத. எத்தன நாளா காப்பி அடிக்க?"

"பாத்தேன் மேடம். காப்பி அடிக்கல."

"பாக்கதுக்குப் பேரு என்னம்மா பின்ன?"

"அவ படமும் என் படமும் வேற வேறயா வருது மேடம், அதத்தான்..."

"எந்திரி. பையத் தூக்கிட்டு வெளிய போ."

போனாள். அழாமல் போனதுதான் சௌந்தரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேர்வு முடிந்ததும் நூலேணியில் அவளுடைய மறுகாட்சியைத் திறந்தாள். ஆசிரியர்களுக்கென்று கொடுத்திருந்த வசதி அது. மாணவர் எழுதியதை மட்டுமல்ல, எழுதும்போது அவர் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும் என்பதையும் கணித்துப் பெட்டிகளாக வரையும். கை தயங்கிய இடம், அழித்த எழுத்து, கேமராவில் பதிவான கண்ணின் திருப்பம் எல்லாவற்றையும் வைத்துக் கணிப்பதாகச் சொல்வார்கள். சொந்தமாக யோசித்தது நீலப் பெட்டி, அடுத்தவரிடம் எடுத்தது ஆரஞ்சுப் பெட்டி. இங்கும் அதே பழக்கம்தான். 'இந்த மாணவி அடுத்து என்ன செய்வார்?' என்று நூலேணி கேட்டது.

'பக்கத்தில் பார்த்து எழுதுவாள்' என்று சௌந்தரி போட்டாள். பெட்டி ஆரஞ்சாக எழுந்தது. மணி அடித்தது. அடுத்த படி, அடுத்த ஆரஞ்சு, அடுத்த மணி. கடைசி வரை ஒரு நீலப் பெட்டிகூட இல்லை. என் கண்ணுக்குத் தப்புமா என்று நினைத்துக்கொண்டே புகாரை எழுதினாள். மனசு லேசாக இருந்தது.

காப்பி அடித்தது நிரூபணமானால் இரண்டு செமஸ்டர் வெளியே இருக்க வேண்டும். விடுதியையும் காலி செய்ய வேண்டும். மறுநாள் துறைத் தலைவர் அறை வாசலில் முப்பிடாதி சௌந்தரியை மறித்தாள்.

"மேடம், வீட்டுக்கு அனுப்பிட்டா திரும்ப விடமாட்டாங்க. மாமா பையன் ரெடியா இருக்கான். எங்கப்பா ஒரு புகாருக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."

"அத எஸ்தர் பக்கம் திரும்புததுக்கு முன்னால நெனச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு சௌந்தரி உள்ளே போனாள்.

துறைத் தலைவர் சங்கரபாண்டியன் யார் மனசையும் நோகடிக்காத மனிதர். அதனாலேயே எந்த முடிவும் எடுக்காத மனிதர் என்றும் சொல்லலாம்.

"டீச்சர், பாவம், பொம்பளப் பிள்ள. ஒரு வார்னிங் குடுத்து விட்ருவோமே."

"மறுகாட்சிய நீங்களே பாருங்க சார். அப்புறமும் இதையே சொன்னா நான் ஒத்துக்கிடுதேன்."

அவர் தன் கணினியில், தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தார். சௌந்தரி எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மணிச்சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவளுக்கு டீ இனித்தது.

"நீலமால்லா வருது டீச்சர்."

"எது சார்?"

"எல்லாமேதான்."

எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். முப்பிடாதியின் பெயர், அதே தேர்வு, அதே புரோகிராம். பெட்டிகள் எல்லாம் நீலம். யாரோ பதிவை மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. எஸ்தர் உதவியிருப்பாளா, லேபில் யாரையாவது பிடித்திருப்பார்களா என்று ஓடிய மனசை அடக்கிக்கொண்டு தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தாள். நேற்று பார்த்த ஆரஞ்சு அப்படியே இருந்தது.

"சார், அது கேள்வி கேட்டுச்சுல்லா, நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"சொந்தமா யோசிப்பான்னு போட்டேன். பிள்ள மொகத்தப் பாத்தா அப்படித்தான் தெரியுது. நீங்க என்ன போட்டீங்க?"

சௌந்தரி அவர் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். அவருடைய திரையிலேயே 'பார்த்து எழுதுவாள்' என்று போட்டாள். ஆரஞ்சு. மணி. பின்னுக்குப் போய் 'சொந்தமாக யோசிப்பாள்' என்று போட்டாள். நீலம். மணி. இரண்டு மணிக்கும் சத்தத்தில் துளி வித்தியாசம் இல்லை.

நூலேணிக் கம்பெனிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். நிகில் என்று ஒரு பையன் எடுத்தான். இனிமையாகப் பேசினான்.

"அது ஃபால்ட் இல்ல மேடம். இதமான காட்சின்னு நாங்க சொல்லுவோம்."

"ஆளுக்கு ஒரு படம் காட்டுறதா தம்பி இதம்?"

"முதல்ல எல்லாருக்கும் ஒரே படம்தான் காட்டுச்சு மேடம். ஊகம் தப்பாப் போனவங்க கொஞ்ச நாள்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அதனால, வர்றவங்க விட்டுட்டுப் போகாம பாத்துக்கோன்னு நூலேணிகிட்ட சொன்னோம். அவ்ளோதான் சொன்னோம். எப்படிப் பாத்துக்கணும்னு அது தானா கத்துக்கிச்சு."

"அப்ப நாங்க என்ன நெனைக்கிறோமோ அதக் காட்டும்?"

"கண்டபடி எதையாவது போட்டா காட்டாது மேடம். நம்புற மாதிரி இருந்தா அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். டீச்சர்ஸும் யூசர்ஸ்தானே? உங்களுக்கும் மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல."

"உண்மையில அந்தப் பொண்ணு என்ன செஞ்சா? அந்த ஒரிஜினல் எங்க இருக்கு?"

"ஒரிஜினல்னு தனியா எதுவும் வைக்கறதில்ல மேடம். ஒவ்வொரு தடவையும் பாக்கிறவங்களுக்காகப் புதுசா வரையும்."

சங்கரபாண்டியன் போனை வைத்துவிட்டு மின்விசிறியை வேகப்படுத்தினார். சௌந்தரிக்கு நேற்று அந்தப் பெண் பாதியில் விட்ட வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. வாசலில் நின்றவளை உள்ளே கூப்பிட்டாள்.

"வேற வேற படம் வருதுன்னு சொன்னியே. எந்தப் புரோகிராமுக்கு?"

"பெயிலானவங்கள எடுக்கிற புரோகிராம் மேடம்."

அது சௌந்தரியின் செல்லப் புரோகிராம். வருஷா வருஷம் அவளே வகுப்பில் ஓட்டிக் காட்டுவது. வரிசையாக மார்க் இருக்கும்: நாற்பது, இருபது, முப்பது, அறுபது. கணினி வரிசையின் முதல் இடத்திலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் அங்கேயே வரிசையை விட்டு எடுத்துவிட வேண்டும். கடைசியில் யார் மிஞ்சுவார்கள்?

"இதுல என்ன இருக்கு? நாப்பதும் அறுவதும் நிக்கும்" என்றாள் சௌந்தரி. சங்கரபாண்டியனும் தலையாட்டினார்.

"முப்பதும் நிக்கும் மேடம்."

சௌந்தரிக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பரவியது. நூலேணி பொய் சொன்னால் என்ன, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் நினைத்தது சரிதானே? எஸ்தரைப் பார்த்துத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள்.

"பாத்தீங்களா சார்? முப்பது மார்க்கு பெயிலுன்னுகூட இவளுக்குத் தெரியல."

"பெயிலுதான் மேடம். ஆனா அது பாக்காது. காட்டட்டுமா?"

தட்டில் காலையிலிருந்து சேர்ந்த காலிக் காகிதக் கப்புகள் இருந்தன. முப்பிடாதி நான்கை எடுத்துப் பேனாவால் மார்க்குகளை எழுதி வரிசையாக வைத்தாள். முதல் கப்பின் மேல் விரலை வைத்தாள்.

"மெஷின் இந்த வெரலு மாதிரி மேடம். ஒரு தடவைக்கு ஒரு எடம் நகரும். யாரு நிக்காங்கன்னு அதுக்குக் கவல இல்ல, எத்தனாவது எடம்னுதான் கணக்கு. மொத எடம், நாப்பது. பாசு. ரெண்டாவது எடம், இருவது. பெயிலு, எடுத்தாச்சி."

இருபது என்று எழுதிய கப்பை எடுத்துத் தூரமாக வைத்தாள். பின்னால் இருந்த இரண்டையும் இடைவெளி தெரியாமல் முன்னால் தள்ளினாள்.

"இப்ப முப்பது ரெண்டாவது எடத்துக்கு வந்துட்டு. வெரலு அங்க நிக்காது மேடம், அது ரெண்டாவது எடத்தப் பாத்து முடிச்சிட்டு. மூணாவதுக்குப் போயிரும். அங்க அறுவது. பாசு. முடிஞ்சு போச்சி."

மூன்று கப்புகள் மேசையில் இருந்தன. முப்பது என்று எழுதிய கப்பின் மேல் அவள் விரல் ஒருமுறைகூடப் படவில்லை. வெளியே அனுப்பப்பட்டவனுக்கு அடுத்து நின்றவனை யாரும் பார்க்கவே இல்லை.

"அதெப்படி டீச்சர்" என்றார் சங்கரபாண்டியன். "மெஷின் அவ்வளவு முட்டாளாவா இருக்கும்?"

இரும்பு அலமாரியின் அடித்தட்டில் அவருடைய பழைய மடிக்கணினி கிடந்தது. ஆராய்ச்சிப் படிப்புக்காக வாங்கியது, நூலேணி காணாதது, இணையமும் கிடையாது. சார்ஜரைத் தேடிப் பிடித்துச் சொருகி, அது முக்கி முனகி எழுந்திருக்கும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சௌந்தரி புரோகிராமை அடித்தாள். அது என்ன நடக்கும் என்று கேட்கவில்லை. யாருடைய ஊகத்துக்கும் காத்திருக்கவில்லை. மணியும் அடிக்கவில்லை. நாற்பது, முப்பது, அறுபது என்று ஒரு வரியைத் துப்பிவிட்டுச் சும்மா இருந்தது.

சௌந்தரி இன்னொரு தடவை ஓட்டினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கப்புகளை மறுபடி வரிசையாக வைத்து, தானே விரலை வைத்து நகர்த்திப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு பார்த்தாள். முப்பது நின்றது. ஆறு வருஷமாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதற்குத்தான் கேடயம் கொடுத்திருந்தார்கள். வேறு எதெல்லாம் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறோம்? அதை யாரிடம் போய்க் கேட்பது?

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த புதுசுலயே சந்தேகம் மேடம். எஸ்தருக்கு ஒரு படம், எனக்கு ஒரு படம். ரெண்டு பேருக்கும் மணி அடிக்கி. அதான் பதில மாத்தி மாத்திப் போட்டு, அவ ஸ்கிரீனையும் எட்டிப் பாத்து, எப்ப மாறுதுன்னு கண்டுபிடிச்சேன். எது நெசம்னு வெரல வச்சி எண்ணிப் பாத்தேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? நேத்து வேண்டாம், அதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம்லா?"

முப்பிடாதி தயங்கினாள். துறைத் தலைவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"சொல்லணும்னுதான் மேடம் அன்னைக்கு முன் பெஞ்சுல வந்து உக்காந்தேன். நீங்க புரொஜக்டர்ல இதே புரோகிராம ஓட்டுனீங்க. நாப்பது, அறுவதுன்னு போட்டீங்க. உங்களுக்கும் மணி அடிச்சிட்டு. அப்புறம் யாருகிட்டப் போயி மேடம் சொல்ல?"

சௌந்தரிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கப்புகளை அடுக்கினாள். அடுக்கியதை மறுபடி கலைத்தாள்.

சங்கரபாண்டியன் முப்பிடாதியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "பிள்ள மேல உள்ள புகார எடுத்துருவோம் டீச்சர். அது நியாயம். மத்தத இதோட விட்ருவோம். வெளிய சொன்னா, இத்தன வருஷமா நாம பாஸ் போட்டு அனுப்புனவங்க..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

முடிக்காவிட்டாலும் சௌந்தரிக்குத் தெரிந்தது. போன வருஷம் ஒரு பெண் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளி நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் கருவிக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. 'எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்தது மேடம்' என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அதைவிட இனிப்பான வார்த்தை சௌந்தரிக்கு உலகத்தில் இல்லை. இப்போது அந்தக் கருவி எத்தனை சொட்டு இறக்குகிறதோ என்று தோன்றியது.

மறுநாள் லேப் வகுப்பு. சௌந்தரி டக்டக்கென்று சத்தம் போடும் சாதாரணச் செருப்போடு வந்தாள். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். முப்பிடாதி தன் இடத்தில், எஸ்தருக்குப் பக்கத்தில் இருந்தாள். காப்பி அடித்துப் பிடிபட்டவள் எப்படித் திரும்ப வந்தாள் என்று அவளைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் பெயிலானவங்கள எடுக்கிற புரோகிராம ஓட்டுங்க. யாருகிட்டயும் பேசாம, உங்களுக்கு என்ன தோணுதோ அதப் பதிலாப் போடுங்க."

தானும் மேசையில் இருந்த கணினியில் ஓட்டினாள். நாற்பது, அறுபது என்று வேண்டுமென்றே போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. லேப் முழுக்க மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து ஓய்ந்தன.

"எல்லாருக்கும் மணி அடிச்சுதா?"

"அடிச்சிது மேடம்" என்று ஒரே குரலாகச் சத்தம் வந்தது.

சௌந்தரி எழுந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் யாராவது ஒரு பிள்ளை பயமில்லாமல் கழுத்தைத் திருப்பியிருந்தால் இதன் சாயம் முதல் வாரத்திலேயே வெளுத்திருக்கும். திருப்பவிடாமல் காவல் காத்தவள் அவள்தான்.

"சரி. இப்ப எல்லாரும் பக்கத்து ஸ்கிரீனப் பாருங்க."

ஒருவரும் திரும்பவில்லை. பூனை மேடம் புதிதாக ஏதோ பொறி வைக்கிறாள் என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு தங்கள் திரையையே வெறித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நெசமாத்தான் சொல்லுதேன். பாருங்க."

முப்பிடாதி மட்டும் திரும்பினாள். அவள் திரும்பியதைப் பார்த்து, பயந்துகொண்டே எஸ்தரும் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி" என்று எஸ்தரின் குரல் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. "ஒனக்கு எப்படிட்டி முப்பது நிக்கி?"

ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு இன்னொன்று. சௌந்தரி தன் மேசைக் கணினியையும் பிள்ளைகள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.